எங்கள் வீட்டு லைனிலிருந்து ஸ்பாம் போகிறதாம், யார் பொறுப்பு?

கோத்தகிரியில் மாடி அறைகள் இரண்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறேன். போன வாரம் நெட் கொடுத்தவர்கள் கூப்பிட்டு, "உங்கள் ஐபியிலிருந்து ஸ்பாம் மெயில் போகிறது, நிற்காவிட்டால் லைனைத் துண்டிப்போம்" என்றார்கள். நான் மெயிலைத் திறப்பதே கரண்ட் பில் பார்க்கத்தான்! வீட்டில் இருப்பது ரௌட்டர், காட்டெருமை வருகிறதா என்று பார்க்க வாசலில் ஒரு கேமரா, பையனின் பழைய லேப்டாப். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். இரண்டு நாள் அமைதி, மறுபடி புகார்.

குன்னூர்வாசி:
கேமரா பாஸ்வேர்டை மாற்றினீர்களா அண்ணா? 2016இல் மிராய் என்ற, கேமரா, ரௌட்டர்களுக்குள் புகும் கெட்ட புரோகிராம் பரவியது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். அது மெமரியில் மட்டும் இருக்கும். அணைத்தால் போய்விடும், பாஸ்வேர்டு அதுவே என்றால் திரும்ப வந்துவிடும். ரௌட்டரில் வெளியே போகும் போர்ட் 25ஐயும் (ஸ்பாம் மெயில் நேராக வெளியேறும் வழி) அடைத்துவிடுங்கள். மெயில் ஆப்கள் 587 அல்லது 465இல் அனுப்பும், ஒன்றும் கெடாது.

ஊட்டி மழை:
எனக்கென்னவோ லேப்டாப் மேல்தான் சந்தேகம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவி இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். விருந்தாளிகளுக்குத் தனி கெஸ்ட் வைஃபை கொடுங்கள். தப்பு உங்களுடையது இல்லை, ஆனால் லைன் உங்கள் பெயரில்தானே இருக்கிறது?

கேட்டவர்:
மழையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கேமராவின் அடியில் ஸ்டிக்கர்: அட்மின், 12345. நான்கு வருடமாக அதேதான். லேப்டாப்பை இன்று ராத்திரி பார்க்கிறேன், பையன் தூங்கட்டும்.