அப்பாவோட ஃப்ளேமிங் கார்ஜ்: அணையா, ஆறா?

கொடுமுடி_தூண்டில்:
டென்வர்ல இருக்கேங்க. ஜூன் கடைசியில ஊர்ல இருந்து அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. அப்பா காவிரிக்கரையில மூங்கில் தூண்டிலும் மண்புழுவுமா வளந்தவரு. "கடை கண்ணி எல்லாம் வேண்டாம், தண்ணி இருக்கற எடமாக் காட்டு"ன்னு இப்பவே சொல்லிட்டாரு. யூட்டாவுல ஃப்ளேமிங் கார்ஜ் அணையும், அதுக்குக் கீழ க்ரீன் ஆறும் ட்ரௌட்டுங்கற குளிர்தண்ணி மீனுக்குப் பேர் போனதுங்கறாங்க. மூணு நாள் போலாம்னு இருக்கறோம். வழிகாட்டி வெச்சுப் படகுல ஆத்தோட போறதா, அணையிலயே உக்கார்றதா? பிடிச்சதைக் கொழம்பு வெக்கோணும், அது அம்மா உத்தரவு. நண்பர்கிட்ட சின்ன அலுமினியப் படகு இருக்குது, இழுத்துட்டு வரலாமுங்களா?

சால்ட்லேக்_சித்தப்பு:
தம்பி, அப்பா கையில மண்புழு இருக்கற வரைக்கும் உங்க எடம் அணைதான். அணைக்குக் கீழ கொலராடோ எல்லை வரைக்கும் க்ரீன் ஆத்துல செயற்கை ஈயும் லூரும் (மீன் மாதிரி செஞ்ச போலி இரை) மட்டும்தான் போடலாம். புழுவோட நின்னா அபராதம். அதோட அளவுக் கணக்கு வேற: 15 அங்குலத்துக்குள்ள ரெண்டு, 22 அங்குலத்துக்கு மேல ஒண்ணு, அவ்வளவுதான் வீட்டுக்கு. நடு அளவெல்லாம் திரும்பத் தண்ணிக்கு. அங்க மாட்டுறது பெரும்பாலும் அந்த நடு அளவுதான். அம்மா சட்டியை ஏத்தி வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்.

ஆத்தைப் பத்தி இன்னொண்ணு. ஜூன்ல அங்க நீங்க நெனைக்கற மட்டத்துல தண்ணி இருக்காது. கீழ ரேசர்பேக் சக்கர்னு அழிஞ்சுவர்ற நாட்டு மீன் ஒண்ணு இருக்கு. அதோட குஞ்சுகள் வெள்ளக்காட்டுக் குட்டைகளுக்குப் போய்ச் சேரணும்னு, மே கடைசி, ஜூன் வாக்குல குஞ்சு பொரியறதைப் பாத்து அணையைத் திறந்து விடுவாங்க. கொறைஞ்சா நொடிக்கு 800 கன அடி ஓடுற எடத்துல 8,600 வரைக்கும் போகும். அப்போ கரையில நிக்கவே எடம் கிடைக்காது. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறப்பைப் பாத்தவருக்கு இதை வெளக்கவே வேண்டாம். இங்க தேதிக்குப் பதிலா மீன்குஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம். கிளம்பறதுக்கு முன்னாடி நீர்த்திறப்பு அளவைப் பாத்துட்டுக் கிளம்புங்க.

அணையில என்ன பண்ணலாம்? ஜூன் காலையில பாறைக்கரையா பாத்து உக்காருங்க. ஸ்மால்மவுத் பாஸ்ங்கற மீன் கரையோரத்துக்கே வரும், புழுவைத் தாராளமா எடுக்கும். தக்கை, சின்ன ஈயம், அப்பாவுக்குப் பழகின அதே ஏற்பாடு போதும். கோக்கனி (ஏரியிலயே வாழற சால்மன்) வேணும்னா படகு வேணும், ஆழத்துல இழுவைத் தூண்டில் போடணும். லேக் ட்ரௌட் இங்க 50 பவுண்டுக்கு மேல பிடிச்சிருக்காங்க, ஆனா அது நம்ம மூணு நாள் கதை இல்ல. பர்பாட்னு விரால் ஜாடையில ஒண்ணு மாட்டினா திரும்ப விடவே கூடாது, கொன்னுடணும். யாரோ களவா கொண்டாந்து விட்டது, மத்த மீனைத் தின்னு தீக்குது. தின்னப் பிரமாதமா இருக்கும், பெரும்பாலும் ராத்திரியில மாட்டும்.

12 வயசு ஆன எல்லாருக்கும் யூட்டா லைசென்ஸ் வேணும், அப்பாவுக்கும்தான். ஏரி பாதிக்கு மேல வயோமிங்ல கிடக்கு. அந்தப் பக்கமும் போறதா இருந்தா ரெண்டு மாநிலத்துக்கும் செல்லற முத்திரைச்சீட்டு தனியா இருக்கு, வாங்கிக்கோங்க. ஏரி நிறைஞ்சா மட்டம் 6,040 அடி, நம்ம குன்னூர் உயரம். முதல் நாள் அவரை ரொம்ப ஏற விடாதீங்க.

லிட்டில்ஹோல்_ரசிகை:
சித்தப்பு சொல்றது எல்லாம் சரி. ஆனா "புழுக்காரருக்கு ஆறு ஆகாது"ங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஸ்பின்னிங் ராடுல (சுருள் வெச்ச தூண்டில்) ஸ்பூன்ங்கற தகட்டு லூரை வீசறதுக்கு ஒரு மணி நேரப் பழக்கம் போதும். எங்க மாமனார் நாகர்கோவில்காரர், அரைநாள்ல பிடிச்சுக்கிட்டார். அணையடியில இருந்து லிட்டில் ஹோல் வரைக்கும் ஆத்தோரமாவே ஏழு மைல் நடைபாதை இருக்கு. முழுசும் நடக்க வேண்டாம், முதல் ஒரு மைலே போதும். தண்ணி அவ்வளவு தெளிவு, மேல நின்னே ட்ரௌட் எந்தப் பாறைக்குப் பின்னாடி நிக்குதுன்னு காட்டலாம். 1964-ல அணை கட்டி முடிச்சப்போ அடியில இருந்து வந்த தண்ணி அளவுக்கு மீறிக் குளுந்து மீன் சரியா வளரல. 1978-ல மேல்மட்டத் தண்ணியையும் எடுக்கற மாதிரி மதகு மாத்தினப்புறம்தான் இந்தப் பேரே வந்தது. அப்பாவுக்கு மதகுக் கதை பிடிக்கும்னு தோணுது.

ஒரு காலை மட்டும் ஆத்துக்கு ஒதுக்குங்க. வெள்ளம் திறந்திருந்தா விட்டுடுங்க.

படகுத்துறை:
படகை இழுத்துட்டு வரலாம், ஆனா யோசிச்சுக்கோங்க. படகுல ஒட்டிக்கிட்டு வந்து ஏரியெல்லாம் பரவற குவாகா, ஜீப்ரா சிப்பி பயத்துல வழியில சோதனைச் சாவடி திறந்திருந்தா நின்னே ஆகணும். கொலராடோவுல 2022-ல ஹைலைன் ஏரியில ஜீப்ரா சிப்பி கண்டுபிடிச்சதுல இருந்து உங்க மாநில நம்பர் பிளேட்டைப் பாத்தாலே கூடுதல் கேள்வி வரும். படகோட அடித்தண்ணி அடைப்பானைக் கழட்டி, தண்ணி ஒரு சொட்டு இல்லாம காய வெச்சுக் கொண்டுவாங்க. யூட்டாவுல அந்தச் சிப்பி பத்தின ஆன்லைன் பாடமும் முடிச்சிருக்கணும். மூணு நாளுக்கு இவ்வளவு தேவையா? லூசர்ன், சீடர் ஸ்பிரிங்ஸ்னு ஏரியில இருக்கற படகுத்துறை எதுலயாவது ஒரு நாள் வாடகைக்கு எடுங்க.

கொடுமுடி_தூண்டில்:
ரொம்ப நன்றிங்க. படகு வேண்டாம்னு நண்பர்கிட்டச் சொல்லிட்டேன். மேனிலா ஊர்ல தங்கல், ரெண்டு நாள் அணை, ஒரு நாள் லூசர்ன்ல வாடகைப் படகு. ஆறு அன்னைக்குத் தண்ணியைப் பாத்துத்தான், காலையில மட்டும். அம்மாகிட்ட எந்த மீனைச் சொல்றதுங்க?

சால்ட்லேக்_சித்தப்பு:
பாஸைக் கொழம்புக்குச் சொல்லுங்க, வெள்ளைச் சதை, கெட்டி, புளியில உடையாது. கோக்கனி சிவப்பா கொழுப்பா இருக்கும், கொழம்புல போட்டா கரைஞ்சுடும், வறுவல் போதும். புளியும் மிளகாய்த்தூளும் டென்வர்லயே வாங்கி வெச்சுக்கோங்க, மேனிலாவுல தேடினா கிடைக்காது.