550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.: பிரான்ஸ் (Bronze) போதுமா, கோல்டு வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக் கணினியில், கேபினட்டோடு வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி), ஆடிக்காற்றில் மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஒரு மாலையில் கருகிவிட்டது. நல்லவேளை, மதர்போர்டு தப்பியது. 65 வாட் ரைசன் 5 5600 செயலி, 170 வாட் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்கு 550 வாட் தாராளம் என்பதால், கோர்செய்ர் சி.எக்ஸ்.550, கூலர் மாஸ்டர் எம்.டபிள்யூ.இ. 550 பிரான்ஸ் இரண்டில் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன்.

பிரான்ஸ், கோல்டு என்று தரம் பிரிக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்தைத்தான் சொல்கிறதே தவிர, 12 வோல்ட் மின்னழுத்தத்தின் அலைவு 120 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கிறதா, மின்சாரம் கண்சிமிட்டும்போது கணினி அணையாமல் தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. எனக்கு முக்கியம் அதுதான். இவற்றை இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூற வேண்டுகிறேன். தினமும் நான்கு மணி நேரமே ஓடும் கணினியில், கோல்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் மின்கட்டணத்தில் திரும்புமா? வாரண்டிக்கு வண்ணார்பேட்டைக் கடைகளிலேயே மாற்றித் தருகிறார்களா?