சிலைக்குச் சிமெந்துச் சேலை சுற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

பண்டாரவளை சுதைக்காரன்:

வணக்கம். 26 வருடமாகக் கோயில் வேலை செய்கிறவன் நான். கோபுர பொம்மை, மாரியம்மன் வாசலுக்குத் துவாரபாலகர், தோட்டத்து முனியாண்டிக்கு மீசை எல்லாம் இந்தக் கைதான். இந்த முறை எல்ல ரோட்டில் ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரர் கூப்பிட்டார். ரோட்டைப் பார்த்த மாதிரி, பீலியில், அதாவது மலைத்தண்ணீர் விழுகிற குழாயடியில், குளிக்கிற பெண் ஒருத்தி, ஐந்தடி உயரம். இடுப்புக்கு மேலே துணி வேண்டாம், முதுகில் தேயிலைக் கொழுந்துக்கூடை இருக்கட்டும், அப்போதுதான் வெள்ளைக்காரனுக்கு ஊர் தெரியும் என்றார். கம்பி கட்டி, வலை சுற்றி, சாந்து பூசி, 18 நாளில் முடித்தேன்.

முடித்த அன்று வழக்கம்போல ஈரச்சாக்கு போட்டு மூடினேன். ஒரு கிழமையாவது ஈரம் இருந்தால்தான் சிமெந்து வெடிக்காது. மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். முதலாளிக்குப் பயம் பிடித்துவிட்டது. சிமெந்திலேயே ஒரு சேலையைச் சுற்றிவிடு, அதுவரை சாக்கை எடுக்காதே என்கிறார். மீதிக் காசும் அதற்கு அப்புறம்தானாம். சிமெந்து இறுகப் போட்ட சாக்கு இப்போது மானத்தை மறைக்கிற சாக்காகிவிட்டது.

எனக்கு விளங்காதது இதுதான். நான் செய்த கோபுரங்களில் மார்பு மூடாத பெண் பொம்மைகள் எத்தனையோ. அதற்குக் கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதும் இதே சனம்தான். 2011இல் சபரிமலை போய்த் திரும்பும்போது, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழா அணைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் செய்த யக்ஷியைப் பார்த்தேன். 1969இல் முடித்த வேலை. முப்பதடி, ஒட்டுத்துணி கிடையாது. காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைமுடிக்குள் கொடுத்து, முகத்தை வானத்துக்குத் தூக்கியிருக்கிறாள். தொடக்கத்தில் அங்கேயும் எதிர்ப்பு இருந்ததாம். நான் போன அன்று ஒரு பாட்டி பேரனைப் பிடித்து முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு பாரத்துக்கு உள்ளே எப்படிக் கம்பி போட்டிருப்பார் என்று.

அங்கே ஆகும், இங்கே ஆகாதா? சேலையைச் சுற்றிவிட்டுக் காசை வாங்குவதா, முடியாது என்று நிற்பதா?

மாத்தளை வாத்தியார்:

தம்பி, நம்ம கலாசாரம் என்று யாராவது கிளம்பினால் நாலந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகிற வழியில்தான் இருக்கிறது. கெடிகே கற்கோயிலின் அடித்தளத்தில் ஆணும் பெண்ணும் கூடியிருக்கிற சிற்பம் ஒன்று உண்டு. தேய்ந்துபோய்விட்டது, பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பேன், அது வேறு கதை. போவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி 1980 வாக்கில் மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். அந்தக் கல்லையும் மறக்காமல் அடுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கூச்சத்தில் பாதி கப்பலில் வந்தது. இலண்டன் ஹைட் பார்க்கில் 1822இல், பிரெஞ்சுக்காரரை வென்ற வெலிங்டன் பிரபுவைக் கௌரவிக்க அக்கிலீஸ் சிலை வைத்தார்கள். பிடித்த பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்தது, செலவு அந்த நாட்டுப் பெண்கள் சேர்த்த பணம். சிலை அம்மணமாக நிற்கிறது என்று ஊரே கூச்சல் போட, அத்தி இலை ஒன்றை ஒட்டினார்கள். எட்டு வருடம் கழித்து, கண்டியைப் பிடித்த பிரவுன்ரிக் நம் தாரா என்கிற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலையை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். பொன் பூசிய வெண்கலம், கிழக்குக் கரையில் கிடைத்ததாகச் சொல்வார்கள். கும்பிடுவதற்குச் செய்த சிலை அது. மேலே துணி இல்லை என்று ஏறக்குறைய முப்பது வருடம் பொதுசனம் பார்க்காமல் உள்ளே வைத்திருந்தார்கள். இன்று அதே சிலை கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக நிற்கிறது.

சேலை சுற்றாதீர்கள் என்பேன்.

ஹட்டன் பையன்:

அண்ணே, சுற்றுவதாக இருந்தால் தனிக் கூலி பேசுங்கள். ஆறு யார் சிமெந்து என்ன விலை!

லயத்துப்பிள்ளை:

வாத்தியார் சேர் சொன்ன சரித்திரம் எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண்கள் என்ன சொல்லிச் சத்தம் போட்டார்கள் என்று அண்ணன் ஒரு வரி எழுதவில்லையே? கேட்டீர்களா?

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். எங்கள் பீலி ரோட்டை ஒட்டி இருக்கிறது. பாவாடையைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக் குளித்துக்கொண்டிருக்கும்போது வேன் வந்து நிற்கும், கண்ணாடி இறங்கும், ஃபோன் வெளியே வரும். அம்மா சோப்பு நுரையோடு போய் மண்மேட்டுக்குப் பின்னால் நிற்பார், வேன் நகரும்வரை. ஒரு மறைப்புக் கட்டித்தரச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. நாங்கள் ஓடி ஒளிகிற அதே காட்சியை ஒருவர் காசு கொடுத்து வாசலில் நிறுத்துகிறார், ஓட முடியாத மாதிரி.

கோபுரத்துப் பொம்மைக்கும் மலம்புழா யக்ஷிக்கும் செக்ரோலில், அதுதான் தோட்டத்துச் சம்பளப் பதிவில், பெயர் கிடையாது. உங்கள் சிலைக்கு இருக்கிறது.

இத்தாலியில் சாப்ரி என்கிற ஊரில் 2021இல் கடற்கரையோரம் ஒரு வெண்கலச் சிலை திறந்தார்கள். வயலில் கதிர் பொறுக்கும் கூலிக்காரி அவள், 1857இல் அந்த நாட்டில் நடந்த கிளர்ச்சியைப் பாடிய பழைய கவிதையில் வருகிறவள். கிளர்ச்சிக்காரர்களைப் பார்த்து வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனவளுக்கு, உடம்பெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய சட்டை. எடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்களில் பெண் அரசியல்வாதிகள் உண்டு. அதற்கு முந்தின வருடம் இலண்டனில், பெண் உரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டை நினைவுகூர ஒரு சின்ன நிர்வாண உருவம் வைத்தபோதும், ஆண் மேதைகளுக்கு மட்டும் கோட்டு எதற்கு என்று கேட்டுச் சிலைக்குச் சட்டை மாட்டிவிட்டார்கள். முன்பு அத்தி இலை ஒட்டியவர்களோடு இவர்களைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் அண்ணே, கூடையை மாட்டிக்கொண்டு யார் குளிப்பார்கள்?

பண்டாரவளை சுதைக்காரன்:

தங்கச்சி, உங்கள் கடைசி வரியை வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். இதை நான் முதல் நாளே சொன்னேன், காதில் விழுந்ததா என்றாள். அன்று இரவு சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்கள் குடியிருக்கிற லயத்துக்கே போய்க் கேட்டேன். பிளேன்டீ கொடுத்தார்கள். முன்னால் நின்று சத்தம் போட்ட அம்மா, "சாமிக்கு யாருங்க துணி கேக்குறா? இது எங்க மருமக மாதிரியில்ல இருக்கு" என்றார். முகம் யாரையும் பார்த்துச் செய்ததில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கும் இப்போது அவ்வளவு உறுதியில்லை, அந்த ரோட்டில் எத்தனை தடவை போய் வந்திருக்கிறேன்.

முதலாளியிடம் சேலை முடியாது, கூடையை எடுக்கிறேன், சிலையை உள்ளே பூந்தோட்டத்துப் பக்கம் திருப்பி வைப்போம் என்றேன். கூடை இல்லாவிட்டால் அது யாரோ ஒருத்திதானே என்றார். ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்கிறாராம். காசுப் பேச்சு இல்லை.

நேற்று உளி வைத்துக் கூடையைத் தட்டி எடுத்தேன், அரை நாள் வேலை. கம்பியை அறுத்து முதுகுக்குச் சாந்து வைத்தாயிற்று. தலையில் கூடைக்கயிறு அழுந்துகிற பள்ளம் ஒன்று போட்டிருந்தேன், இரண்டு நாள் உட்கார்ந்து ஆசையாகச் செய்தது. அதையும் நிரப்பி, அரம் போட்டுத் தேய்த்துவிட்டேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பின்னேரம் வெயில் சாய்ந்து விழும்போது தடம் தெரிகிறது. இன்னொரு பூச்சு பூசி மறுபடி சாக்குப் போட்டிருக்கிறேன்.