ஓரியூர் வேன்: குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

பெரியப்பா: 4ஆம் தேதி ஓரியூர் போக வேன் பேசியாச்சு. காலை 5 மணிக்கு தேவகோட்டையில் கிளம்பி திருவாடானை வழியாகப் போகிறோம். 14 பேர்தான் உட்காரலாம். போன வருடம் மாதிரி வண்டி வாசலில் வந்து நிற்கும்போது "நானும் வருகிறேன்" என்று யாரும் பையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

ஸ்டெல்லா: எங்கள் வீட்டில் மூன்று பேர் பெரியப்பா. அப்புறம் ஒரு உதவி. சின்னவன் மறைக்கல்வி வகுப்பில் ஓரியூர் புனிதர் அருளானந்தரைப் பற்றி, அதான் நம்ம ஜான் தே பிரித்தோ சாமியைப் பற்றி, மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். அவன் எழுதி வைத்திருப்பது இது: "அவர் லிஸ்பனில் பிறந்தார். இங்கே வந்தார். தலையை வெட்டினார்கள். நன்றி."

துபாய் தம்பி: கெட்டிக்காரன். பத்து விநாடியில் முடித்துவிட்டான் 😂

பெரியப்பா: வெட்டியதைச் சொன்னால் போதாது, முக்கியமானது அதற்கு முன்னால் இருக்கிறது. 1686லேயே மறவர் நாட்டில், அதாவது ராமநாதபுரம் சீமையில், அவரையும் கூட இருந்து மறை சொல்லிக்கொடுத்த உபதேசியார்களையும் பிடித்து வதைத்தார்கள், மரண தண்டனை என்று கூட ஆனது, கடைசியில் அந்த நாட்டு ராஜா கிழவன் சேதுபதி இனி என் நாட்டில் போதிக்காதே என்று சொல்லி விட்டுவிட்டார். அப்புறம் தன் இயேசு சபை வேலையாக ஐரோப்பா போனார். அங்கே போர்ச்சுகல் ராஜா இரண்டாம் பேதுரு யார் தெரியுமா, சின்ன வயதில் அரண்மனையில் இவரோடு ஒன்றாக வளர்ந்தவர். இங்கேயே இரு என்று அவரே கேட்டுப் பார்த்தார். கேட்காமல் 1690இல் மறுபடியும் இங்கே காவி கட்டிக்கொண்டு, மரக்கறி சாப்பிட்டுக்கொண்டு, இந்த ஊர்த் துறவி மாதிரி பண்டாரசாமியாக வந்து நின்றார். எனக்கு அந்தக் கப்பல் ஏறினதுதான் பெரிசு.

துபாய் தம்பி: ஒன்று கேட்டால் கோபப்படக் கூடாது. சேதுபதி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு மறைவாகச் செய்திருக்கலாமே? உயிரோடு இருந்தால் இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். எனக்கு இது தைரியமா பிடிவாதமா என்றே புரியவில்லை.

பெரியப்பா: கூட அடி வாங்கினார்களே உபதேசியார்கள், அவர்களுக்கு எந்த லிஸ்பனும் இல்லை, ஓடிப்போக இடமே இல்லை. இவர் தலையாட்டினால் அவர்கள் எந்த முகத்தோடு நிற்பது? அதை யோசி.

ரோஸி அத்தை: நான் வேறு ஒன்று கேட்கிறேன். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் நோய் குணமாகி அருளானந்தரிடம் ஞானஸ்நானம் வாங்கினார், ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வேன் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார், அதில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு, அவள் போய் முறையிட்டதால்தான் இவ்வளவும். வருடா வருடம் பிரசங்கத்தில் அவளை வில்லியாக்குகிறார்கள். ஒரு நாள் திடீரென்று வீட்டை விட்டு அனுப்பினால் அவள் அழுதுகொண்டு சொந்தக்காரரிடம் போகாமல் வேறு எங்கே போவாள்? நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

பெரியப்பா: அது நியாயம்தான் ரோஸி. பதில் சொல்லத் தெரியவில்லை.

ரோஸி அத்தை: தேவசகாயம் பிள்ளையையும் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை வேலைக்காரர், கிறிஸ்தவரானவர், சாமியாரும் இல்லை, நம்மைப் போல குடும்பஸ்தர். எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப்போய், 1752இல் காற்றாடிமலையில் சுட்டார்கள். 2022இல் புனிதராக்கியபோது இங்கே எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அவர் மனைவி ஞானப்பூ பெயரை யாராவது வைத்தீர்களா?

துபாய் தம்பி: அத்தை 🙏 நான் வைக்கவில்லை.

ஸ்டெல்லா: பையன் கேட்கிறான், சாவதற்கு முன்னால் அருளானந்தர் பயந்தாரா என்று.

பெரியப்பா: பயந்தாரோ என்னவோ, முந்தின நாள் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறார், சிறையில். போதித்ததுதான் என் மேல் சொல்லும் குற்றம், சாவுக்குக் காத்திருக்கிறேன் என்கிற மாதிரி. மறுநாள் 1693 பிப்ரவரி 4, அன்று சாம்பல் புதன். பாம்பாற்றங்கரையில் வெட்ட வந்தவரையே கட்டிப்பிடித்தார் என்று சொல்வார்கள். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்லும் அந்த ஓரியூர் மண்ணை நான் சின்ன வயதில் கையில் அள்ளிப் பார்த்தேன், உள்ளங்கையில் செங்கல் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டது, அம்மா கழுவ விடவில்லை.

எதிர் வீட்டு ஆச்சி: (குரல் செய்தி 1:12)

ஸ்டெல்லா: ஆச்சி பேசியதைக் கேட்க முடியாதவர்களுக்கு நானே எழுதுகிறேன். செட்டியார் ஐயா தே பிரித்தோ பள்ளியில் படித்தவராம், அந்தச் சாமியிடம் ஆச்சிக்கு ஒரு நேர்த்தி இருக்கிறதாம், பேரன் பிறந்தால் மொட்டை போடுவதாக. பேரனுக்கு இப்போது வயது 11 😄. மொட்டைக்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லையாம், அதனால் மண் மட்டும் ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்கிறார். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் 14 பேருக்கும் தருவாராம்.

பெரியப்பா: ஆச்சி, பணியாரம் 20 பேருக்குப் போடுங்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா: பையன் திருத்தி எழுதிவிட்டான், அப்படியே போடுகிறேன்: "அவர் ஒரு தடவை தப்பித்தார். ஊருக்குப் போனார். அவருடைய ராஜா அவருடைய ஃபிரண்டு. இருந்தாலும் திரும்பி வந்தார். அது தைரியமா என்று எங்கள் வீட்டு குரூப்பில் சண்டை. ஒரு அம்மா அழுதார், அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. நன்றி."

ரோஸி அத்தை: இதையே பேசட்டும். ஒரு வார்த்தை மாற்றாதே.

பெரியப்பா: காலை 5 மணி. 5:10 இல்லை.