வருசப் பலகாரம்: மிஞ்சின எண்ணெய் யாருட கணக்கில?

கல்முனையான்: நேற்று இங்க ஒராள் எழுதியிருந்தார், சித்திரை வருசத்துக்கு வீட்டிலயே பலகாரம் சுட்டா பாதிக் காசு மிச்சமாம். கணக்கில மா இரிக்கு, சீனி இரிக்கு, உளுந்து இரிக்கு. எண்ணெய் மட்டும் கால் லீற்றர். கால் லீற்றரில முறுக்குப் பொரிக்கேலுமா? தாச்சியில ஒரு லீற்றராவது ஊத்தோணும். அந்த முழு லீற்றரையும் செலவில போடுங்க, பிறகு மிச்சத்தப் பாப்பம்.

வாவிக்கரை: அத எழுதினது நான்தான். பேரச் சொல்லியே கேட்டிருக்கலாம். தாச்சியில ஊத்துறது வேற, பலகாரம் குடிக்கிறது வேற. ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் 920 கிராம் அளவில நிறுக்கும். பொரிக்க முதல் ஒருக்கா நிறுங்க. ஆறின பிறகு வடிச்சு, திரும்ப நிறுங்க. குறைஞ்சதுதான் செலவு. மிஞ்சினது செலவில்ல.

எண்ணெய் கூடப் போகுதெண்டா பிழை கையிலதான். மாவ இளக்கமாக் குழைச்சா குடிக்கும். எண்ணெய் காயாமப் பிழிஞ்சாலும் குடிக்கும். ஒரு கிள்ளு மாவப் போட்டுப் பாருங்க. போட்ட கையோட நுரைச்சு மேல வந்தாச் சரி, அடியில கிடந்து மெதுவா எழும்பினா இன்னும் காயல்ல. அகலத் தாச்சியையும் தூக்கி ஒரு பக்கம் வைங்க. வாய் ஒடுங்கி ஆழமான சின்னத் தாச்சியில அரை லீற்றரே போதும், நாலு நாலாப் போடலாம். பத்தை ஒரேயடியாப் போட்டா சூடு இறங்கி, அந்தப் பத்தும் எண்ணெய்யாத்தான் வரும்.

கல்முனையான்: தாச்சிப் பாடம் கேக்கல்ல. மிஞ்சின எண்ணெய்ய என்ன செய்யிற? அரியதரம், அதான் அரிசி மாவும் பாகும் சேர்த்துச் சுடுற இனிப்பு, பொரிச்சா பாகு கசிஞ்சு அடியில கருகும், எண்ணெய் கறுத்திரும். அதில கறி தாளிச்சா கைப்பு. கொட்டுற எண்ணெய் செலவுதான்.

அக்கரைப்பற்று அக்கா: எண்ணெய்யிலயே நிக்கிறீங்க, அரிசிய ஒருத்தரும் பேசல்ல. நம்மட பக்கம் பெரும்போக நெல்லு வெட்டு மாசி, பங்குனியில முடியிது. அப்பவே பச்சையரிசிய வேண்டி வைக்கலாம். சித்திரை பிறக்க ரெண்டு நாள் இருக்கக்குள்ள பைக்கற் மா வேண்டுற ஆக்கள்தான் நட்டப்படுற. அதோட அரியதரத்துக்குக் காஞ்ச மா சரிவராது. அரிசிய ஊறவச்சு, வடிச்சு, ஈரத்தோட இடிக்கோணும். காஞ்ச மா பாகக் குடிச்சு இறுகிரும், இல்லாட்டி எண்ணெய்யில பிரிஞ்சு போகும். சட்டியோட கொட்டினா அங்க போகுது உங்கட மிச்சம்.

வாவிக்கரை: அக்கா சொல்லுறது சரி, ஆனா கல்முனையானுக்கு அது மறுமொழியில்ல. சுடுறதுக்கு ஒழுங்கு இரிக்கு. முதல் முறுக்கு, பிறகு அச்சில பொரிக்கிற கொக்கீஸ், அரியதரம் எப்பவும் கடைசி. முறுக்கு முடிஞ்சதும் கசட்ட வடிச்சிரோணும், கிடந்தா கருகி அடுத்ததிலயும் ஒட்டும். கொக்கீஸ் அச்ச எண்ணெய்யிலயே நல்லாச் சூடாக்கித்தான் மாவில தோய்க்கோணும். ஆறின அச்சில மா ஒட்டி, கழரவே கழராது. அரியதரத்துக்கு முதல் தேவையான அளவ மட்டும் தாச்சியில விட்டுட்டு மற்றத போத்தலுக்குள்ள எடுத்து வைங்க. கறுக்கிறது அந்தக் கொஞ்சம்தான். போத்தலில ஈரம் இருக்கப்படாது, வெளிச்சத்திலயும் வைக்கப்படாது. ஒரு கிழமைக்குள்ள பொரியலுக்கு முடியும்.

கல்முனையான்: அப்ப கொஞ்சம் கறுக்கும் எண்டு நீங்களே எழுதிட்டீங்க. அந்தக் கொஞ்சம் கால் லீற்றர்க் கணக்கில இல்ல. அடுப்புக் காஸும் அதில இல்ல.

வாவிக்கரை: கொஞ்சத்துக்கும் ஒரு லீற்றருக்கும் வித்தியாசம் தெரியாதா? மிஞ்சினது செலவில்ல.

ஆரையம்பதித் தம்பி: பாம் எண்ணெய்யில சுட்டா இந்தச் சண்டையே இல்லண்ணன். தேங்காய் விக்கிற விலைக்கு ஏன் தேங்காயெண்ணெய்?

வாவிக்கரை: கடை முறுக்கு அதிலதான் பொரியிது தம்பி. அதையே வீட்டிலயும் ஊத்திறதெண்டா கடையிலயே வேண்டலாம். பழைய எண்ணெய்யோட புதுசக் கலக்கிறதும் வேணாம், பழசு புதுசையும் கெடுக்கும். புகைஞ்சா, நுரை அடங்காட்டி, பிசின் மாதிரி ஒட்டினா வெளியில ஊத்திரோணும்.

கல்முனையான்: இப்ப "ஊத்திரோணும்". ஊத்துறது செலவு. சீட்டுப் பேச்சிலயும் இவர் இப்பிடித்தான். பத்துப் பேர், மாசம் 5,000, பங்குனியில 50,000 எடுத்தா வருசத்துக்கு உதவும் எண்டார். கடைசி ஆள் ஒம்பது மாசம் மற்றவனுக்கு வட்டியில்லாக் கடன் குடுக்கிறான் எண்டு கேட்டதுக்கு இண்டைக்கு வரைக்கும் மறுமொழியில்ல.

வாவிக்கரை: மறுமொழி அப்பவே தந்தன், நீங்க வாசிக்கல்ல. கையில கிடந்தா கரையிற காசு சீட்டில நிக்கும். பண்டிகை முற்பணம் எடுத்து மாசாமாசம் சம்பளத்தில கழிய விடுறத விட அது மேல். நடுவில ஒருத்தர் காசு கட்டாம விட்டா என்ன செய்யிற எண்டு கேட்டிருந்தா நியாயமான கேள்வி. அத நீங்க கேக்கல்ல.

அக்கரைப்பற்று அக்கா: சீட்டுக் காச உடுப்பிலதான் விடுறாங்க. பங்குனி முதல் கிழமையில எடுத்தா நல்ல அளவு, நல்ல நிறம் கிடைக்கும். கடைசிக் கிழமை கல்முனையில நிண்டு பேரம் பேச இடமே இல்ல.

கல்முனையான்: கல்முனையில பேரம் பேசத் தெரியோணும் அக்கா. மட்டக்களப்பு டவுனுக்குப் போய்க் கூடக் குடுத்துட்டு வாற ஆக்கள் கல்முனையக் குறை சொல்லவேணாம்.

ஆரையம்பதித் தம்பி: காத்தான்குடியில பாத்துட்டுக் கதைங்க.

வாவிக்கரை: உடுப்புக்கு வேற பதிவு போடுங்க. கல்முனையான், தராசில நிறுத்து எத்தின கிராம் குறைஞ்சதெண்டு எழுதுங்க.

கல்முனையான்: தராசு வேணாம். போத்தல் வேண்டின பில் துண்டில முழு லீற்றர் விலைதான் இரிக்கு.