மீற்றர் அறையில் வளரும் இராணி

நிரோஷன்: (படம்) இரண்டாம் மாடி மீற்றர் அறையில் இருக்கும் தேன்வதை மாதிரியான கூடு. கீழ் ஓரத்தில் கச்சான் கோது மாதிரி ஏதோ தொங்குகிறது. என்னவென்று யாருக்காவது தெரியுமா?

ஃபாஸில் நானா: குளவியா, தேனீயா? பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் விளையாடுகிறார்கள். மருந்து அடிக்க ஆள் கூப்பிடட்டுமா?

தேவி ரீச்சர்: வேண்டாம் நானா, தயவுசெய்து மருந்து வேண்டாம். இது தேனீதான். வெள்ளவத்தையில் இவ்வளவு கட்டடத்துக்கு நடுவிலும் ஒரு கூட்டம் பிழைத்திருக்கிறதே! நிரோஷன் தம்பி, அது இராணி வளரும் அறை. மற்ற அறைகள் படுக்கையாக இருக்கும், இது மட்டும் வாய் கீழே பார்க்கத் தொங்கும்.

அபி: ரீச்சர், இராணிக்கு முட்டையே வேறயா?

தேவி ரீச்சர்: இல்லை அபி. வேலைக்காரத் தேனீயும் இராணியும் ஒரே மாதிரி முட்டையில் இருந்துதான் வருகின்றன. மூன்றாம் நாள் முட்டை பொரித்துக் குடம்பி வரும். முதல் மூன்று நாள் அளவில் எல்லாக் குடம்பிக்கும் கூழ்தான் சாப்பாடு. இளம் வேலைக்காரிகளின் தலையில் உள்ள சுரப்பிகளில் ஊறும் வெள்ளைக் கூழ் அது. அதற்குப் பிறகு வேலைக்காரக் குடம்பிக்குத் தேனும் மகரந்தமும் கலந்து கொடுப்பார்கள். இராணிக் குடம்பிக்குக் கடைசி வரை கூழ்தான், அதை அரசகூழ் என்பார்கள், அதுவும் மிதக்கிற அளவுக்கு. தலைகீழான அறையில் குடம்பி விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பதே அந்தக் கூழின் பிசுபிசுப்பால்தான்.

அபி: சாப்பாடு மட்டும் இவ்வளவு மாற்றுமா?

தேவி ரீச்சர்: சாப்பாடு ஓமோனை மாற்றும், எந்த மரபணு வேலை செய்வது என்பதையும் மாற்றும். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டீ.என்.ஏ.யில் மெதைல் குறி, அதாவது மரபணு வேலை செய்வதை மாற்றும் சிறு வேதிக் குறி, வைக்கும் ஒரு நொதியைக் குடம்பிகளில் அடக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சூலகம் முழுதாக வளர்ந்த இராணிகளாகவே வந்தன. ஐரோப்பியத் தேனீயில் முட்டையில் இருந்து இராணி வர 16 நாள், வேலைக்காரி வர 21 நாள். ஆனால் வேலைக்காரியைக் குறைபட்ட இராணி என்று நினைக்காதே. மகரந்தக் கூடை, மெழுகுச் சுரப்பி எல்லாம் அவளிடம்தான் உண்டு. இராணிக்கு அவை கிடையா.

சாந்தி அன்ரி: ரீச்சர், பாமசியில் அரசகூழ் மாத்திரை விற்கிறார்களே, மூட்டு வலிக்கு எடுக்கலாமா?

தேவி ரீச்சர்: அன்ரி, உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது, தொடவே வேண்டாம். ஆஸ்துமாக்காரருக்கு அது கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். டொக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஃபாஸில் நானா: புது இராணி வந்தால் கூட்டம் தானாகப் போய்விடுமா?

தேவி ரீச்சர்: பாதிதான் போகும் நானா. வதையின் கீழ் ஓரத்தில் இராணி அறை கட்டினால் பெரும்பாலும் கூட்டம் பிரியப் போகிறது என்று அர்த்தம். பழைய இராணி ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பும், புது இராணி இங்கேயே இருக்கும். அதனால் தேனீ வளர்க்கிற ஒருவரைக் கூப்பிட்டு, வதையோடு பெட்டிக்கு மாற்றச் சொல்வதுதான் நல்லது. பொழுது சாய்ந்த பிறகு வரட்டும், அப்போதுதான் வெளியே போனவை எல்லாம் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

நிரோஷன்: கடுவலைப் பக்கம் ஒருவரைத் தெரியும், இப்போதே கேட்கிறேன். அதுவரை அந்த அறைக்கு யாரும் போக வேண்டாம்.

ஃபாஸில் நானா: சரி தம்பி, வாட்சரிடம் சொல்லிக் கதவைப் பூட்டுகிறேன். மீற்றர் பார்க்கிறவர் வந்தால் முதலில் எனக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கள்.