மறு: லேயர் – வினைச்சொல் எது?

ஐயா, வணக்கம்.

வரைபட மென்பொருளில் லேயர்களை, அதாவது ஒவ்வொரு வகைத் தகவலையும் தாங்கும் தனித்தனித் தாள் போன்றவற்றை, ஒன்றின்மேல் ஒன்றாக இடுவதற்கு ‘வேய்’ என்ற வினையை முன்வைத்திருக்கிறீர்கள். அழகான சொல். அதனாலேயே அதை இங்கே செலவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பனையோலைக் கூரை வேய்பவர்கள் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறுவார்கள். கீழ்வரிசையின் தலைப்பை மேல்வரிசை மூடினால்தான் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். மூடுவதுதான் வேய்தலின் நோக்கம். பராந்தக சோழன் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான் என்கிறோமே, அங்கும் அதே பொருள்தான்.

வரைபடத்தில் தேவை வேறு. மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிக்கும்போது 21 தீவுகள் கொண்டது. ஆழம், பவளப்பாறை, கடற்புல், பூங்கா எல்லை ஆகிய நான்கையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. நடுவில் இருப்பதை உருவினாலும் மற்றவை குலையக் கூடாது. ஆழத்தின் நிறம் மேலே ஏறினால் பவளப்பாறை மறையும்; கீழே இறங்கினால் தெரியும். ஆகவே வரிசையும் முக்கியம்.

இதற்கு ‘அடுக்கு’ என்ற வினைதான் பொருந்தும். நம் இலக்கணமே சான்று தருகிறது. ‘பாம்பு பாம்பு’ என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் பொருள் தரும். ‘சலசல’ இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் இல்லை. சேர்ந்து நின்றும் தனித்தன்மை இழக்காததை அடுக்கு என்று முன்னோர் அழைத்திருக்கிறார்கள். லேயருக்கு வேண்டிய இயல்பும் அதுவே.

கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் கணினித் தரவமைப்பான ஸ்டேக்கிற்கு ஏற்கெனவே ‘அடுக்கு’ என்று பாடநூல்களில் எழுதுகிறார்களே என்ற மறுப்பு வலுவானது. நாட்டுப்படகில் அடுக்கிய வலை உண்மையில் ஸ்டேக்தான்: மேலே கிடப்பதே முதலில் கடலில் இறங்கும். அதோடு, ‘மூன்றடுக்கு மாளிகை’யில் ஒரு தளமும் அடுக்கு, ‘அடுக்கு சரிந்தது’ என்னும்போது மொத்தக் குவியலும் அடுக்கு. இந்தக் குழப்பம் பெயர்ச்சொல்லில்தான் இருக்கிறது, வினையில் இல்லை. எனவே தனி லேயருக்குப் ‘படலம்’ என்று வைத்துக்கொண்டு, செயலுக்கு மட்டும் ‘அடுக்கு’ என்போம். ‘படலமிடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மூன்று படலங்களைப் படலமிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். ‘மூன்று படலங்களை அடுக்கினேன்’ தடையில்லாமல் வருகிறது. பொத்தானில் ‘அடுக்குக’ என்று எழுதினால் பெயரா வினையா என்ற ஐயமும் வராது. இடம் மாற்ற ‘மேலேற்று’, ‘கீழிறக்கு’ போதும்.

‘வேய்’ வீணாக வேண்டாம். திறந்திருக்கும் சாளரங்கள் தலைப்புப் பட்டை மட்டும் தெரிய ஒன்றை ஒன்று மூடிச் சரிந்து நிற்குமாறு வைக்கும் கட்டளை இருக்கிறதல்லவா, கேஸ்கேடு என்பது? அதற்குச் ‘சாளரங்களை வேய்க’ என்று வைக்கலாம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.